அஞ்சல் நின்ற வேளையில் மனம்

மனிதன் தன் மனத்தின் போக்கைத் தானே நேரில் கண்டுகொள்ளும் வாய்ப்பு அடிக்கடி அமைவதில்லை. சுவரில் சாய்ந்து அமர்ந்திருப்பவனுக்குச் சுவரின் நினைவு இராது. சுவர் சற்றே விலகினால்தான், தன் உடலின் பாரத்தில் எவ்வளவு பங்கை அதன்மீது வைத்திருந்தோம் என்பது அவனுக்குத் தெரியவரும். நம் மனமும் அப்படித்தான். எல்லாம் வழக்கம்போல் நடந்துகொண்டிருக்கும்வரை அது எதன்மீது சாய்ந்திருக்கிறது என்பதை நாம் அறிவதில்லை.

இம்மாதப் பாடத்திற்கு மிகச் சிறிய நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் ஒரு மின்னஞ்சல் சேவை திடீரென்று நின்றுவிடுகிறது. அரை மணியிலோ இரண்டு மணியிலோ மீண்டும் இயங்கத் தொடங்குகிறது. பெரும்பாலோர் மறுநாள் அதை மறந்தும் விடுகிறார்கள். ஆயினும் அந்தச் சிறிது நேரத்தில் மனம் எங்கெங்கு சென்றது, என்னென்ன செய்தது என்பதைக் கூர்ந்து நோக்கினால், ஒரு நூல் முழுதும் படித்துப் பெறும் அறிவைப் பெறலாம்.

செகந்திராபாத்தின் வடபுறத்தில், கரீம்நகர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது லோத்குண்டா. பட்டாளத்தோடும் ரயில்வேயோடும் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இப்பக்கங்களில் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அங்கே ஓர் இல்லத்தில் ஞாயிறுதோறும் மாலையில் பத்துப் பன்னிருவர் கூடிக் கீதை வாசிக்கும் சத்சங்கம் நடைபெறுகிறது. சில மாதங்களுக்கு முன் ஒரு வாரநாள் மாலையில் மின்னஞ்சல் சேவை ஒன்று ஒரு மணி நேரத்திற்கும் மேலாக நின்றிருந்தது. எந்தச் சேவை என்பது இங்கே பொருட்டன்று. அதை அடுத்த ஞாயிறன்று, வாசிப்பு தொடங்கும் முன் பேச்சு இயல்பாகவே அதன்பக்கம் திரும்பிற்று.

ரயில்வே கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் முதலில் பேசினார். கடிதங்கள் திறக்கவில்லை என்றதும், தாமே ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணிக் கம்பிகளைக் கழற்றி மாட்டினாராம். மோடத்தை அணைத்துப் போட்டாராம். கடவுச்சொல்லை யாரேனும் களவாடிவிட்டார்களோ என்று அஞ்சி அதை மாற்றவும் முயன்றாராம். மாதாப்பூரில் கணினித் துறையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் அவ்வாறு அஞ்சவில்லை. சேவைதான் பழுது என்று அவருக்கு உடனே தெரிந்திருக்கிறது. இருந்தும் என்ன செய்தார்? ரிஃப்ரெஷ் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாராம்.

"எத்தனை முறை அழுத்தியிருப்பாய், தம்பி?" என்று கேட்டார் பெரியவர்.

"எண்ணவில்லை, ஐயா."

"ஜபத்திற்கு மட்டும் மாலை வைத்து எண்ணுகிறோம். இதற்கு எண்ணிக்கையே இல்லை, பார்!"

எல்லோரும் நகைத்தோம். ஆனால் அந்தச் சொல்லில் பொருள் இருந்தது. பயனில்லை என்று அறிவு சொல்கிறது. கை கேட்க மறுக்கிறது. நமது ஆசார்யர்கள் 'வாசனை' என்று குறிப்பிடுவது இதைத்தான். பெருங்காயம் வைத்திருந்த டப்பாவைக் கழுவிய பின்னும் மணம் இருப்பதுபோல, செய்து செய்து பழகிய செயல் காரணம் நீங்கிய பின்னும் நம்மைச் செலுத்துகிறது. இதனை விளக்க ஆசார்யர்கள் எத்தனையோ உவமைகள் கூறியுள்ளார்கள். பழுதான அஞ்சலின் முன் அமர்ந்த ஒருவனின் சுட்டுவிரலைப் போன்ற உவமை அவர்கள் காலத்தில் கிடைத்திருக்கவில்லை.

அதே இளைஞர் வேறொன்றையும் சொன்னார். அதைச் சொல்லத் துணிவு வேண்டும். அலுவலக நண்பர்கள், சென்னையில் இருக்கும் தமக்கை, துபாயில் இருக்கும் உறவினர் ஆகிய யாருக்குமே அஞ்சல் திறக்கவில்லை என்று கேட்டறிந்ததும் மனம் குளிர்ந்துவிட்டதாம். "என் குறை எனக்குத் தீரவில்லை. மற்றவர்களுக்கும் அதே குறை என்பதில் எனக்கு ஏன் இவ்வளவு நிம்மதி?" என்று அவர் வினவியபோது, நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அங்கிருந்தவர்களில் அந்த நிம்மதியை அறியாதவர் ஒருவரும் இலர். பொறாமையின் மறுபக்கம் இது. பிறருக்கு இருப்பது நமக்கு இல்லையெனில் துயரம். பிறருக்கும் இல்லையெனில் ஆறுதல். இழப்பு என்னவோ இரண்டிலும் ஒன்றே.

சரிவு நேரும் முறை

அன்று எங்கள் வாசிப்பு இரண்டாம் அத்தியாயத்தின் 62, 63ஆம் சுலோகங்களில் நின்றிருந்தது. நிலைத்த அறிவுடையவன் எப்படிப் பேசுவான், எப்படி அமர்வான், எப்படி நடப்பான் என்று 54ஆம் சுலோகத்தில் அர்ஜுனன் கேட்கிறான். அவ்வினாவுக்கான விடையின் நடுவே பகவான் மனிதன் வீழும் படிகளை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். பொருளையே நினைத்துக்கொண்டிருப்பதில் பற்று பிறக்கிறது, பற்றிலிருந்து ஆசை, ஆசை தடைபடும்போது கோபம், கோபத்தில் மயக்கம், மயக்கத்தில் நினைவு தவறுதல், நினைவு தவறினால் புத்தி கெடுதல், அதன்பின் அழிவு. ஒவ்வொரு படியும் அடுத்ததன்மீது தன் பாரம் முழுவதையும் தள்ளிவிடுகிறது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

கணினி உலகில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி இதனை வியக்கத்தக்க முறையில் விளக்குகிறது. 2009ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி, அமெரிக்க மேற்குக் கரையில் நண்பகல், நம் நாட்டில் நள்ளிரவு கடந்த வேளை, கூகுள் நிறுவனத்தின் ஜிமெயில் சேவை ஏறத்தாழ 100 நிமிடங்கள் நின்றது. காரணத்தை அந்நிறுவனமே பின்னர் வெளிப்படையாக விளக்கியது. வழக்கமான பராமரிப்புக்காகச் சில சர்வர் கணினிகளைச் சற்றே விலக்கி வைத்தார்கள். அதில் தீங்கொன்றும் இல்லை, முன்பும் செய்ததுதான். ஆனால் கடிதம் கேட்டு வருவோரை உரிய சர்வருக்கு வழிகாட்டி அனுப்பும் கணினிகள் சிலவற்றின்மீது, எதிர்பார்த்ததைவிடச் சிறிது கூடுதலான சுமை விழுந்துவிட்டது. அவை, "இனி எங்களிடம் அனுப்பாதீர்கள்" என்று ஒதுங்கிக்கொண்டன. அவற்றின் சுமை எஞ்சியவற்றின்மேல் சாய்ந்தது. எஞ்சியவற்றில் மேலும் சில ஒதுங்கின. சில நிமிடங்களுக்குள் ஏறக்குறைய எல்லாமே செயலற்றுப் போயின. கடிதங்களுக்கு ஒன்றும் நேரவில்லை. அவை இருந்த இடத்திலேயே இருந்தன. இணையப் பக்கத்தின் வழியாக வராமல், தங்கள் கணினியிலுள்ள தனி அஞ்சல் மென்பொருளின் வழியாக வந்தவர்களுக்கு அப்போதும் கடிதங்கள் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. அவர்களது வழி வேறு.

வீழ்ச்சி பெரிதாக இருப்பதால் காரணமும் பெரிதாக இருக்கவேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். முதற்படியோ மிகச் சிறியது. அன்று மாலை வீட்டில் குழந்தையிடம் கடிந்து பேசியதாகப் பள்ளி ஆசிரியை ஒருவர் சொன்னார். குழந்தை செய்த குற்றம், பாடத்தில் ஐயம் கேட்டதுதான். கடிதம் திறக்காத எரிச்சல் எங்கோ இறங்க இடம் தேடிற்று, எளியவரிடம் இறங்கிற்று. அவர் அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்திருந்தது.

62, 63ஐ மட்டும் படித்துவிட்டு, ஆகவே பொருள்களை விட்டு ஓடிவிட வேண்டும் என்று முடிவு கட்டுவோர் உண்டு. அவர்கள் 64ஆம் சுலோகம் வரையில் பொறுப்பதில்லை. விருப்பு வெறுப்பு நீங்கிய புலன்களோடு பொருள்களின் நடுவிலேயே உலவுபவன் தெளிவை அடைகிறான் என்பதே அங்குக் கூறப்படுவது. 'உலவுதல்' என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அஞ்சலைத் துறப்பதால் ஒருவன் துறவியாகிவிடுவதில்லை. மருத்துவமனையிலும் வங்கியிலும் பள்ளியிலும் பணிபுரிவோருக்கு அது கடமையின் கருவி. அது நின்றால் உண்மையான இடர்ப்பாடு உண்டு; அப்போது கவலைப்படுவது குற்றமாகாது. கருவி பழுதானதால் வரும் கவலை கருவி சரியானதும் தீர்ந்துவிடும். சரியான பின்னும் தீராமல் நெஞ்சில் எஞ்சி நிற்பது எதுவோ, அதைத்தான் சாதகன் ஆராயவேண்டும்.

'நீ யார்?' என்ற கேள்வி

2020ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் தேதி நேர்ந்த நிறுத்தம் இதனினும் பரந்தது. திங்கட்கிழமை; நம் நாட்டில் மாலை ஐந்தேகால் மணி. பெருந்தொற்றுக் காலமாதலால் வகுப்புகளும் அலுவலகங்களும் வீட்டிலிருந்தே நடந்துகொண்டிருந்தன. ஜிமெயில், யூடியூப், கோப்புகளைச் சேமிக்கும் இடம், வகுப்பு நடத்தும் சேவை ஆகிய அனைத்தும் உலகெங்கும் ஒருசேர நின்றன. முக்கால் மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாக அந்நிலை நீடித்தது. அயல்நாட்டில் ஒருவர், வீட்டு விளக்குகளையெல்லாம் அந்நிறுவனத்தின் கருவியோடு இணைத்திருந்ததால், தம் குழந்தையின் அறையில் விளக்கேற்ற வழியின்றி இருளில் அமர்ந்திருப்பதாக எழுதினார். சுவரில் ஒரு சுவிட்சு இருந்திருந்தால் தீர்ந்திருக்கும் துயரம்!

இதன் காரணம் ஒரு வேதாந்தியை நிச்சயம் புன்னகைக்க வைக்கும். கடிதங்கள் அழியவில்லை, படங்கள் தொலையவில்லை. கணக்குடையவர் ஒவ்வொருவரும் யார் என்பதை அறிந்து உள்ளே விடும் பிரிவுதான் செயலிழந்தது. இடம் ஒதுக்கும் பழைய முறையை மாற்றிப் புதிய முறையைக் கொண்டுவந்தபோது, பழையதில் ஒரு பகுதி நீக்கப்படாமல் எஞ்சிவிட்டது. அது, அந்தப் பிரிவின் பயன்பாடு சுழியம் என்று தவறாகக் கணக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தது. குறித்த அவகாசம் முடிந்ததும், தானே இயங்கும் ஏற்பாடு அக்கணக்கை நம்பி அப்பிரிவுக்குரிய இடத்தைக் குறைத்துவிட்டது. நீக்கியதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கும் பழைய பழக்கம் எப்போது, எங்கே தலைகாட்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வேடிக்கை என்னவெனில், அந்த முக்கால் மணி நேரமும், தம் பெயரைச் சொல்லி நுழைய முயன்றவர்களுக்கு யூடியூப் கதவு திறக்கவில்லை. பெயரைச் சொல்லாமல், கணக்கில் நுழையாமல் வந்தவர்களுக்குத் திறந்தது. இதை ஓர் உவமையாகக் கொள்வதற்குமேல் நீட்டுவது தகாது. ஆயினும், 'நான் இன்னார்' என்ற அடையாளத்தை முன்னிட்டுக்கொண்டே எங்கும் நுழையப் பழகிய நமக்கு, அவ்வடையாளமே தடையாகி நின்ற வேளை ஒன்று வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நினைவு தவறுதல் பற்றியும் ஒரு சொல். நாம் நினைவில் வைத்திருக்க வேண்டிய எத்தனையோ செய்திகளை அஞ்சல் பெட்டியிடம் ஒப்படைத்துவிட்டோம். மருத்துவர் எழுதித் தந்த தாள், பயணச் சீட்டு, உறவினரின் முகவரி எல்லாம் அங்கே. லோத்குண்டாவில் அன்று கூடியிருந்தவர்களில் தம் உடன்பிறந்தோரின் தொலைபேசி எண்ணைப் பாராமல் சொல்லக்கூடியவர் இருவரே. 2011ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் ஜிமெயில் பயன்படுத்துவோரில் 0.02 விழுக்காட்டினரின் பெட்டிகள் வெறுமையாகக் காட்சியளித்தன. மென்பொருளில் நேர்ந்த பிழையால், பல இடங்களில் வைத்திருந்த பிரதிகளும் பாதிக்கப்பட்டன. இறுதியில் கடிதங்களை மீட்டுத் தந்தவை, இயங்கும் கணினிகளோடு இணைக்கப்படாமல் தனியே வைத்திருந்த காந்த நாடாக்கள். இணைப்பில் இல்லாததாலேயே அவற்றைப் பிழை தீண்டவில்லை. எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் வாழ்வோடு இணையாமல் ஒரு நாழிகையேனும் தனித்திருக்க வேண்டும் என்று பெரியோர் விதித்ததன் நியாயம் இதில் விளங்குகிறது. விடியற்காலைத் தியானத்திற்கு இப்படியும் ஒரு காரணம் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றிற்று. சொன்னேன். இளைஞர் மிக மகிழ்ந்தார். பெரியவர், "காரணம் தேடாமல் உட்காருங்கள்" என்று முடித்துவிட்டார்.

ஒரு தாயின் காத்திருப்பு

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு ஓர் அம்மையார் பேசாமல் அமர்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். கணவர் பட்டாளத்தில் பணிபுரிந்து மறைந்தவர். ஒரே மகன் சரக்குக் கப்பலில் பொறியாளர். நடுக்கடலில் கைப்பேசிக்கு அலை கிடைப்பதில்லை; கப்பலிலுள்ள இணைப்பின் வழியாக நாள்தோறும் மாலையில் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புவது அவரது வழக்கம். அன்று மாலை அம்மையார் பெட்டியைத் திறக்க முயன்றார்; திறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையை அழைத்துப் பார்க்கச் சொன்னார், அவனாலும் இயலவில்லை. கப்பலில் ஏதோ நேர்ந்துவிட்டது என்றே அவர் மனம் முடிவு கட்டியது. கடிதம் திறக்காமைக்கும் கப்பலுக்கும் தொடர்பில்லை என்று பையன் எவ்வளவு சொல்லியும் மனம் ஏற்கவில்லை.

பற்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருந்த எங்களுக்கு இதைக் கேட்டதும் வாயடைத்துவிட்டது. ஒரு தாயிடம், 'இது ஆசக்தி, இதை விடுங்கள்' என்று சொல்ல எவருக்கும் நா எழவில்லை. எழாமற்போனதே நன்று என்று இப்போதும் கருதுகிறேன். முன்னாளில் தந்திச் சேவகர் தெருவில் வந்தால் வீடுகளில் நெஞ்சு நடுங்கும். தந்தி வந்தால் அச்சம், வராதிருந்தால் நலம். 2013ஆம் ஆண்டு ஜூலையில் அந்தத் தந்திச் சேவையே நம் நாட்டில் முடிவுக்கு வந்தது. இன்றோ நிலை தலைகீழ். செய்தி வந்தால் நலம். ஒரு நாள் வராதிருந்தால் அச்சம். நாள்தோறும் வந்து பழகியதே இந்த அச்சத்தை உண்டாக்கியது. மாதம் ஒரு கடிதம் வந்த காலத்தில், அதே தாய் இருபத்தொன்பது நாட்கள் அமைதியாக இருந்திருப்பார்.

ஆனால் அம்மையார் சொல்ல வந்தது அச்சத்தைப் பற்றி அன்று.

"ஒன்றும் செய்ய வழியில்லை என்று தெரிந்ததும் பூஜையறையில் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். பிள்ளையை நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நாள் முழுக்க நான் அவனை நினைப்பதே இல்லை. கடிதம் வந்ததா, வந்ததா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வந்ததும் படித்து மூடிவிடுகிறேன். அவன் முகம் எனக்குச் சட்டென்று வரவில்லை. பெற்றவளுக்கு முகம் வரவில்லை" என்றார்.

இதற்கு எவரும் விளக்கம் சொல்லவில்லை. தேவையுமில்லை. பிள்ளையின் நினைவுக்காக வந்த கடிதம் பிள்ளையின் இடத்தில் தானே அமர்ந்துவிட்டது. ஜபமாலையின் மணிகளை எண்ணுவதில் முனைந்து நாமத்தை மறப்பவர்கள் நம்மில் உண்டு. தலத்திற்குச் சென்று, படம் பிடிப்பதில் முனைந்து மூர்த்தியைக் காணாமல் திரும்புவோரும் உண்டு. அவர்களுக்கெல்லாம் அந்த அம்மையார் ஆசிரியர். பற்று என்பது பொருளின்மீது வைக்கும் மிகுந்த அன்பு என்றே நான் எண்ணி வந்தேன். அன்று, அது அன்பின் இடத்தைக் கவர்ந்துகொண்ட வேறொன்று என்று தோன்றிற்று. அன்பு குறைந்த இடத்தில்தான் அது வளர்கிறது போலும். ஆசார்யர்களின் உரைகளில் இக்கருத்துக்கு இடம் உண்டா என்பதைக் கற்றறிந்த அன்பர்கள் ஆராய்ந்து தெளிய வேண்டும்.

தெலுங்கில் 'லோது' என்றால் ஆழம். 'குண்ட' என்றால் குளம். ஆழ்குளம் என்பதே லோத்குண்டா என்ற பெயரின் பொருள். பல ஆண்டுகள் அவ்வூர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தவர்களில் சிலருக்கு அன்றுதான் அது தெரியவந்தது. மேற்பரப்பில் சிறு கல் விழுந்தாலும் அலை எழத்தான் செய்யும். அடியில் நீர் அசைகிறதா என்பதே கேள்வி.

அன்று கலைவதற்கு முன் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நாள்தோறும் ஒரு மணி நேரம், அவரவர் கடமைக்கு இடையூறு இல்லாத வேளையாகப் பார்த்து, அஞ்சலையும் கைப்பேசியையும் நாமே மூடிவைப்பது. அந்த ஒரு மணி நேரத்தில் கை எத்தனை முறை அவற்றை நாடுகிறது என்பதை எண்ணி ஒரு தாளில் குறித்துக்கொள்வது. அடக்க முயலவேண்டாம், எண்ணினால் போதும் என்றார் பெரியவர். அதோடு, இன்றியமையாத எண்களையும் முகவரிகளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பது என்றும் முடிவாயிற்று. வைராக்கியம் பேசிக்கொண்டு முன்னெச்சரிக்கையைக் கைவிடுவது சோம்பலே.

நான்கு வாரங்கள் கழித்துத் தாள்களை எடுத்துப் பார்த்தோம். இளைஞர் முதல்நாள் முப்பத்தொரு முறை குறித்திருந்தார். கடைசி நாளில் பதினான்கு. நடுவில் ஒருநாள் நாற்பது. அன்று என்ன நேர்ந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெரியவர் தம் தாளைக் கொண்டுவர மறந்துவிட்டார்.

அம்மையார் எதையும் எண்ணவில்லை. அவர் செய்தது வேறு. மாலையில் பெட்டியைத் திறக்கும் முன் விளக்கின் எதிரில் அமர்ந்து, மகனின் முகம் மனத்தில் தெளிவாக வரும்வரை காத்திருக்கிறாராம். முதலில் நெடுநேரம் ஆயிற்றாம். இப்போது விரைவில் வந்துவிடுகிறதாம். அஞ்சல் நின்ற அந்த நாளின் கடிதம் இரவு ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தது என்றும், நலம், மழை என்ற அளவில் இரண்டே வரிதான் அதில் இருந்தது என்றும் கூறினார்.

"சில நாள் முகம் வந்ததும் மனம் நிறைந்துவிடுகிறது. பெட்டியைத் திறக்கவே மறந்துபோகிறேன்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "அவன் விடுமுறையில் வரும்போது யாரும் இதை அவனிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டார்.